ஜெயசீலனுக்கு முதுகுவலி இருந்ததில்லை

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நியூ ஜெர்சியில் எங்கள் ஊரான மான்மவுத் ஜங்ஷனில் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் இழுத்துக்கொண்டு போகும்போது ஹூஸ்டனிலிருந்து போன் வந்தது. ஜெயசீலனின் மனைவி ராஜினி. "அண்ணா, ஜெயா போயிட்டார். பிள்ளையளோட பிராக்டிஸ்ல நிண்டவர், அப்பிடியே சரிஞ்சிட்டாராம்" என்றாள். நான் "எந்த ஹாஸ்பிட்டல்?" என்று கேட்டேன். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவன் 'கோச்'. டெக்சஸில் ஒரு கல்லூரியின் பெண்கள் கோல்ஃப் அணியைப் பதினான்கு வருடம் நடத்தியவன். அதற்கு முன் இரண்டு வருடம் பெரிய போட்டிகளில் ஆடினான், முதுகுவலியால் விட்டுவிட்டான் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்கு அவன் ஒரு காலத்தில் இங்கே பக்கத்து அபார்ட்மென்ட்காரன். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம், சிறு வயதிலேயே நியூ ஜெர்சிக்கு வந்தவர்கள். அவன் அப்பா கடைசிவரை அதை "பந்து தட்டுற வேலை" என்றுதான் சொன்னார்.

பெரிய போட்டிகளுக்குள் நுழையத் தகுதிச் சுற்று ஒன்று உண்டு. மூன்று முறை தோற்றிருந்தான். முப்பத்தாறு வயதில், இதுதான் கடைசி என்று ராஜினிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க ஒரு கேடி வேண்டும். எனக்கு அப்போது வேலை போயிருந்தது. "சும்மாதானே இருக்கிறாய், வா மச்சான்" என்றான். எனக்கு ஆட்டம் தெரியாது. ஒரே ஒரு விதியை மட்டும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். குறைந்த அடிகளில் முடிப்பவன் ஜெயிக்கும் ஆட்டத்தில், நம்மால் பந்து அசைந்தால் ஒரு அடி கூடுதலாகக் கணக்கு. பின்னாலேயே நடுவர் யாரும் வருவதில்லை, நாமேதான் சொல்ல வேண்டும்.

கடைசி நாள், பதினாறாவது குழி. பந்து உயரமான புல்லுக்குள் கிடந்தது. கொடி இருக்கும் இடத்தைப் பார்த்துவர அவன் மேலே ஏறிப் போயிருந்தான். நான் பையை இறக்கி வைத்தேன். புல் அழுந்தியது. பந்து அரைச் சுற்று உருண்டு நின்றது. அவன் அடையாளத்துக்காகப் பந்தின் மேல் வைத்திருந்த சிவப்புப் புள்ளி அடியில் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. அவன் இறங்கி வந்தபோது வாயைத் திறந்தேன். "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

அன்று அவன் கடைசி இடத்தில் நுழைந்தான். இன்னும் ஒரு அடி கூடியிருந்தால் வெளியே. கார் நிறுத்துமிடத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நானும் அழுதேன். எதற்கு அழுதேன் என்று அவன் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு போட்டியில் நான்காவதாக வந்தான். அவன் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றி. அன்றைக்கே எனக்குப் போன் செய்தான். "அண்டைக்கு நீ பை தூக்க வராட்டி இதொண்டும் இல்லை மச்சான்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றியைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"எந்த ஹோல்?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். "சரி, வை" என்றான்.

அவனாகவே எல்லாவற்றையும் எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பினான். அந்தப் போட்டி முடிந்துபோனது, உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, முடிவில் மாற்றமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். இவன் அந்த ஆண்டோடு ஆட்டத்தை விட்டான். எல்லோரிடமும் முதுகுவலி என்றான்.

கோச்சாக அவனைப் பார்க்க ஒரு முறை போயிருந்தேன். பிளசன்டனிலிருந்து வந்த மேகனா என்ற பெண்தான் அணியில் முதல் ஆட்டக்காரி. ஜெயிக்க வேண்டிய போட்டியில், யாரும் பார்க்காதபோது, தானாகவே கையைத் தூக்கினாள். "இட் மூவ்ட், கோச்." ஒரு அடி கூடியது, அணி தோற்றது. அவன் அவள் தலையைத் தொட்டுவிட்டு நடந்தான். பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்கு இன்னும் கழுத்தில் வலிக்கிறது. மாலை ஹூஸ்டனின் ஹில்கிராஃப்ட் தெருவில் எல்லோருக்கும் தோசை வாங்கிக் கொடுத்தான். "தோத்தாலும் பசிக்கும்" என்பது அவன் அடிக்கடி சொல்லுவது.

ஒவ்வோர் ஆண்டும் புது மாணவிகள் சேரும்போது என்னைக் கூப்பிடுவான். "நீ வந்து சொல்லு. என்ர பேரைச் சொல்லவேண்டாம், உன்ர பேரையும் சொல்லவேண்டாம். பந்து அசைஞ்சதை மட்டும் சொல்லு." எனக்கு ஒரு வருடம் ஆபீசில் சாஃப்ட்வேர் ரிலீஸ், ஒரு வருடம் பெண்ணுக்கு கிராஜுவேஷன். இந்த ஆகஸ்டிலும் அடுத்த வருஷம் என்றேன். "நீயும் உன்ர அடுத்த வருஷமும்" என்று சிரித்தான். அதுதான் நான் கேட்ட கடைசிக் குரல்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் என்னையும் பேச அழைத்தார்கள். அவன் அப்பாவின் 'பந்து தட்டுற வேலை'யைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். வெளியே வந்ததும் மேகனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அந்த அணிக்கு அவள்தான் துணைக் கோச். "அங்கிள், ஒய் டிட் ஹி ரியலி க்விட்?"

"முதுகுவலிம்மா" என்றேன்.

அன்றிலிருந்து எந்தச் சுமையையும் என்னால் சும்மா தரையில் வைக்க முடியவில்லை. விமான நிலையத்தில், கடையில், வீட்டு வாசலில், கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கிறேன். ஒன்றும் இருப்பதில்லை. அப்படியும் பார்க்கிறேன்.

நண்பர்களே, அவனுக்கு முதுகுவலி இருந்ததே இல்லை. தன் ஆட்டத்தில் ஒரு புல்லளவு பொய் பொறுக்காதவன், என்னைக் காப்பாற்றுவதற்காகப் பதினான்கு வருடம் உங்கள் எல்லோரிடமும் பொய் சொன்னான். அவனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். இத்தனை நாள் அதற்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

மேகனாவுக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதினேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. அதனால் அவளுக்கு இப்போதே போன் செய்திருக்கிறேன். மணி அடிக்கிறது. எடுத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.