ரோஜாத் தேயிலையில் குப்பை

நாளை காலை தலவாக்கலைத் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு நேர்முகத் தேர்வு. சுற்றுலாப் பயணிகளுக்குத் தேநீர் ருசி காட்டும் வேலை.

ரோஜா இதழும் ஆரஞ்சுத் தோலும் கலந்த தேயிலை ஒரு டப்பா கொடுத்திருந்தார்கள். வீட்டில் ஊற்றிக் குடித்துப் பார்த்து, அதன் வாசனையை விவரிக்கப் பழகிக்கொண்டு வர வேண்டும்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், அம்மா அதைச் சுளகில் கொட்டிப் பொறுக்கி முடித்திருந்தார். முப்பது வருடமாகத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்.

"என்னடி தேயிலை இது, அம்புட்டும் குப்பை. நாங்க இப்படிக் கொண்டு போனா கணக்கப்புள்ள தராசுல ரெண்டு கிலோ வெட்டிருவாரு."

"அம்மா, அது ரோஜா இதழ். வாசத்துக்குப் போட்டது."

"ஏன், தேயிலைக்குன்னு ஒரு வாசம் இல்லியா?"

டப்பாவில் 'கையால் தெரிந்தெடுத்த இலைகள்' என்று அச்சிட்டிருந்தது. இப்போதுதான் அது உண்மையாகியிருந்தது.

மூன்று நிமிடம் ஊறவைத்து ஊற்றினேன். அம்மா உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டே குடித்தார்.

"இப்பதான் தேத்தண்ணி மாதிரி இருக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை.

"பொறுக்குனத எங்கம்மா போட்ட?"

"அடுப்புலதான். நல்லா மணந்துச்சு."

"எப்படி மணந்துச்சு?" பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அம்மா உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"பணக்காரங்க வீட்ல சாவு விழுந்த மாதிரி."

இதை நாளை பத்து மணிக்கு ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.