பாதாமின் காது

அஜீசுன்னிசாவை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாண ஊர்வலங்களில் குதிரைக்காரர்களுக்கும் பேண்டுக்காரர்களுக்கும் எப்போதுமே ஆகாது. நாங்கள் ஊதினால்தான் ஊர்வலம் களைகட்டும். ஊதினால் அவர்கள் குதிரை மிரளும். மற்ற குதிரைக்காரர்கள் முணுமுணுப்பதோடு சரி. இவள் ராயபுரத்தில், நடுத்தெருவில், ஜனம் பார்க்க என் டிரம்பெட்டின் வாயைக் கையால் பொத்தியவள்.

மூலக்கொத்தளத்தில் சுடுகாட்டுச் சுவரை ஒட்டி அவள் வீடு. முன்பாதி குதிரைக்கு, பின்பாதி மனிதர்களுக்கு. தெருவே தன்னுடையது என்பது போல நடப்பாள். பக்கத்தில் நின்றால் என் தோளுக்குத்தான் வருவாள். புர்காவின் கையை முழங்கை வரை சுருட்டியிருப்பாள், காலில் ஆம்பிளைச் செருப்பு. சிரித்து நான் பார்த்ததில்லை. நல்லதைச் சொன்னாலும் நாலு பேருக்கு எரிச்சல் வருகிற மாதிரிதான் சொல்வாள்.

முன்பெல்லாம் குதிரை பிடித்தது அவள் புருஷன். மாதவரத்தில் ஒரு கடைத் திறப்பு விழாவில் அவர் ஏறியிருந்த குதிரை சரிந்து அவர் இடுப்பின் மேலேயே விழுந்தது. அன்றிலிருந்து அவர் படுத்த படுக்கை. கயிறு இவள் கைக்கு வந்தது. குதிரை கால் இடறிவிட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். அந்தக் குதிரை போய், இப்போது இருப்பது பாதாம் என்கிற பழுப்புப் பெண்குதிரை. அவளுக்கு இருக்கிற ஒரே பிழைப்பு அதுதான்.

போன வருஷம் தண்டையார்பேட்டையில் ஒரு நிக்காஹ். பேண்டு நாங்கள், குதிரை அவளுடையது. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து மாப்பிள்ளை கிளம்ப வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஷாகுல் ஹமீது, வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், அவர்தான் குதிரை மேல் தூக்கி ஏற்றிவிடுவார். ஏறிய மாப்பிள்ளையின் கால் மண்டப வாசல் வரைக்கும் தரையில் படக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பாதி வழியில் இறக்கினால் அபசகுனம். ஆக, குதிரை வருமா வராதா என்பதை ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

என் டிரம்காரன் மண்ணாங்கட்டி தோலைச் சரிபார்க்க ஒரு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான். பாதாம் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. கொஞ்ச நாள் முன்னால் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி டயர் ஒன்று அதன் பக்கத்திலேயே வெடித்ததாம்.

"மேளமும் வேணாம், வெடியும் வேணாம். ஏத்துங்க, நான் இட்டுகினு போறேன்," என்றாள் அஜீசுன்னிசா.

"சத்தமில்லாம போறதுக்கு இது இன்னா மய்யித்தாம்மா?" என்று ஷாகுல் ஹமீது எகிறினார்.

"சுடுகாட்டாண்ட குடியிருக்கிறவ நான். மய்யித்து எப்டிப் போவும்னு எனக்குத் தெரியும் பாய்."

நான் விடுவேனா? "மேளம் இல்லாம ஊர்வலமா? பேண்டு இன்னாத்துக்குக் கூப்ட்டாங்க, பந்தலுக்குக் கால் நடவா?" என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது சுஃபியான் பையிலிருந்து மயக்க ஊசியை எடுத்தான். அவள் புருஷனின் தம்பி. குதிரைக்கு ஜரிகை கட்டுவது, மறுபக்கம் கயிறு பிடிப்பது அவன் வேலை. "இத்துக்குப் போய் இன்னாத்துக்கு அண்ணி பேஜாரு? ஒரு ஊசி. கல்லு மாரி நிக்கும்," என்றான்.

ஷாகுல் ஹமீதின் முகம் மலர்ந்தது. "போடுப்பா, போடு. நேரமாவுது."

நானும் போடு என்றுதான் சொன்னேன். எல்லோரும் சொன்னோம். பூத்திரைக்குள் முகம் மறைந்து நின்ற மாப்பிள்ளையும் தலையாட்டினான்.

அஜீசுன்னிசா கயிற்றை விடவில்லை. பாதாமின் கழுத்தைப் பார்த்தாள், சுஃபியானைப் பார்த்தாள். "சரி, போடு," என்றாள். "போட்டுட்டு நீ ஏறிக் குந்து. இவங்க வெடி வைக்கட்டும், இவுரு ஊதட்டும். மண்டபம் வரைக்கும் நீ போய்க் காட்டு. அப்பால மாப்ள ஏறட்டும்."

"நான் எதுக்கு?"

"மாதவரத்துல உங்க அண்ணன் ஏறுனார்ல. அன்னிக்கும் இதே தான சொன்ன, கல்லு மாரி நிக்கும்னு? நின்னுச்சு. நின்ன எடத்துலயே கால் மடிஞ்சு அவுரு மேல சாஞ்சுச்சு. வூட்ல படுத்துகினு கீறாரு, போய்க் கேளு."

அவள் அதை அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சுஃபியானின் கை தானாக இறங்கியது. ஊசி பைக்குள் போனது.

ஷாகுல் ஹமீதுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "இனிமே இந்த ஏரியாவுல ஒரு கல்யாணத்துக்கு நீ குதிரையை ஓட்டிகினு வந்துடு, பார்த்துடறேன்," என்றார்.

"வரல," என்றாள். ஜரிகையையும் மணிகளையும் அவிழ்த்துச் சுஃபியான் மேல் எறிந்துவிட்டுக் குதிரையை நடத்திக்கொண்டு போனாள்.

எனக்கு ஒரே சந்தோஷம், பொய் சொல்வானேன். மாப்பிள்ளையைத் திறந்த ஜீப்பில் ஏற்றினார்கள். இனி யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று தெரு அதிர ஊதிக்கொண்டு போனோம். மண்ணாங்கட்டி வெளுத்து வாங்கினான்.

தெரு முனையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் கடக்க வழியில்லை. பின்னால் நாங்கள், முன்னால் லாரி. மூடிய கடை ஷட்டர் மேல் பாதாமைச் சாய்த்து, எக்கி நின்று, அதன் இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்தியிருந்தாள்.

மேளம் நின்றுபோனது.

"அட்றா! யாராச்சும் நிறுத்தச் சொன்னாங்களா?" என்று கத்தினேன்.

"சொல்லல நைனா," என்றான் மண்ணாங்கட்டி. "கை வரல."

நான் தனியாக ஊதிப் பார்த்தேன். மேளமில்லாத டிரம்பெட் அசிங்கமாகக் கேட்டது. இறக்கிவிட்டேன். சரவெடியைப் பிரித்தவனும் சுருட்டிக்கொண்டான். ஷாகுல் ஹமீது தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஜீப்பின் உறுமலும் செருப்புச் சத்தமும் மட்டும் கேட்க, ரோட்டோரமாகத் திரும்பி அந்தக் குதிரையைக் கடந்து போனோம். மய்யித்து ஊர்வலத்தில்கூட யாராவது ஏதாவது ஓதிக்கொண்டு வருவார்கள்.

வெகுதூரம் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் கையை எடுக்கவில்லை. எங்களை அவள் அவ்வளவுதான் நம்பினாள்.