பம்பரம் இல்லாத ஆட்டங்கள்

நெட்டை என்ற பெயர் அவளுக்குப் பள்ளியிலேயே ஒட்டிக்கொண்டது. வகுப்புப் புகைப்படங்களில் கடைசி வரிசையின் ஓரத்தில், ஆசிரியைக்கும் மேலாக அவள் தலை தெரியும். அப்பா லிஃப்ட் மெக்கானிக், அம்மா மருத்துவமனையில் நர்ஸ். ஒருவர் வேலைக்குக் கிளம்பும்போது இன்னொருவர் வந்து படுப்பார். மூன்று பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து விழித்திருப்பதே அபூர்வம். அம்மா போன் செய்து, "சாப்பிட்டியா?" என்பாள். "சாப்பிட்டேன்மா." அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில், கூடைப்பந்துப் பயிற்சியாளர் அவளை நூலக வாசலில் மடக்கினார்.

"விளையாடுவியா?"

"தெரியாது மேடம்."

"அதெல்லாம் சொல்லிக்கொடுத்துடலாம். உயரத்தத்தான் என்னால சொல்லிக்கொடுக்க முடியாது."

கற்றுக்கொண்டாள். ஆனாலும் முதல் இரண்டு வருடங்கள் பெஞ்சைத் தேய்த்ததுதான் மிச்சம். மூன்றாம் வருடம் பம்பரம் என்றொருத்தி அணிக்கு வந்தாள். குள்ளமான பெண், வாய் ஓயாது. பந்தைத் தட்டிக்கொண்டே நாலு பேருக்கு நடுவில் சுழன்று புகுந்து அந்தப் பக்கம் வந்து நிற்பாள். பயிற்சியாளர் வைத்த பெயர் அது.

அந்த வருடத்து லீக் ஆட்டங்களில் இவர்கள் இருவரும் செய்ததை எதிரணிகள் வாயைப் பிளந்து பார்த்தன. பம்பரம் இடப்பக்கம் பார்ப்பாள். பந்து வலப்பக்கம் நெட்டையின் கைக்குப் போகும். புருவத்தைத் தூக்கினால் பந்து தலைகளுக்கு மேலே வரும், தோளைச் சாய்த்தால் தரையில் மோதி வரும். நெட்டை திரும்பி வளையத்தில் போடுவதுதான் பாக்கி. முந்தைய வருடம் கோப்பை வாங்கிய அணியோடு ஆடியபோது, பலகையில் பட்டுத் திரும்பிய பந்து ஒன்றுகூட நெட்டையின் கைக்குத் தப்பவில்லை. ஆட்டம் முடிந்ததும் பம்பரம் ஓடிவந்து எட்டிக் குதித்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நெட்டைக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆட்டம் முடிந்த நாட்களிலெல்லாம் பம்பரம், "வரேன் நெட்ட!" என்று தன் கூட்டத்தோடு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விடுவாள். நெட்டை தனியாகப் பஸ்ஸுக்கு நடப்பாள். ஆனால் எனக்கும் ஒரு தோழி இருக்கிறாள் என்ற நினைப்பு கூடவே நடந்து வரும்.

லீக் பாதி தாண்டியிருந்தது. ஓர் ஆட்டத்தில் பம்பரம் எம்பிக் குதித்து இறங்கினாள். முழங்கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. தசைநார் கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், இந்த வருடம் கோர்ட் பக்கமே போகக்கூடாது என்றார்கள்.

நெட்டை ஆரஞ்சுப் பழங்கள் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த பம்பரத்தின் அம்மா அண்ணாந்து பார்த்தார். "நீதான் நெட்டையா? வாம்மா, தல இடிச்சுக்காத."

பம்பரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள்.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"ம்."

நெட்டை மின்விசிறியைப் பார்த்தாள். பம்பரம் பழத்தோலை நகத்தால் கீறினாள். கோர்ட்டில் புருவ அசைவிலேயே எல்லாம் புரிந்த இரண்டு பேருக்கு அந்த அறையில் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வகுப்புத் தோழிகள் இருவர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பம்பரத்தின் முகம் மலர்ந்தது. அவர்கள் பேச்சிலிருந்துதான் அவளுக்கு ஓர் அண்ணன் இருப்பதும், அவள் நன்றாகப் பாடுவாள் என்பதும் நெட்டைக்குத் தெரியவந்தது. மூலையில் தள்ளி நின்றாள். கிளம்புகிறேன் என்றபோது யாரும் இருக்கச் சொல்லவில்லை.

பம்பரத்தின் இடத்துக்கு முதல் வருடப் பெண் ஒருத்தி வந்தாள். பந்து கைக்கு வந்தாலே கண்ணை மூடிக்கொள்பவள். அடுத்தடுத்த ஆட்டங்களில் அணி தோற்றது. நெட்டை கூடைக்கடியில் கையை உயர்த்தி நின்றுகொண்டே இருந்தாள், பந்து வரவில்லை.

"நின்னா வராது. வாயத் தொறந்து கேளு," என்றார் பயிற்சியாளர்.

"எனக்குக் கத்த வராது மேடம்."

"வீட்ல கத்தினதே இல்லையா?"

"வீட்ல எப்பவும் யாராவது தூங்கிட்டிருப்பாங்க."

பயிற்சியாளர் சிரிக்க வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மறு ஆட்டத்தில் நெட்டை, "இங்க! எனக்கு!" என்று கத்தினாள். குரல் கரகரத்து எங்கோ உடைந்தது. முதல் வருடப் பெண் பயந்துபோய்ப் பந்தைக் கீழே விட்டாள். அடுத்த முறை விடவில்லை. அதன்பின் நெட்டை ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தாள். தட்டுத் தடுமாறி அணி அரையிறுதிக்குப் போனது. அதிலும் ஜெயித்தார்கள்; அன்று அவள் எடுத்த அளவு புள்ளிகளை அந்தப் போட்டித் தொடரில் வேறு யாரும் எடுக்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் எதிரணி அவளைத் தடுக்க இரண்டு பேரைப் போட்டது. கடைசி நொடிகளில் அவள் வழியில்லாமல் பந்தை வெளியே முதல் வருடப் பெண்ணுக்குத் தள்ளினாள். அவள் எறிந்தது வளையத்தில் ஒரு சுற்று சுற்றி வெளியே விழுந்தது. அந்த ஒரு கூடையில் கோப்பை போனது. சிறந்த ஆட்டக்காரிக்கான பரிசு மட்டும் நெட்டைக்குக் கிடைத்தது.

அப்பா வேலை உடுப்போடு வந்து பின்னால் நின்று பார்த்திருந்தார்.

"நீ இப்படிக் கத்துவன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா," என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். போன் அடித்தது. எங்கோ லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஓடினார், நெட்டை பரிசை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

மறுநாள் பம்பரம் கூப்பிட்டாள். "போன்ல பார்த்தேன். ரெண்டு பேரு மறிச்சா என்னடி? கைய மேல தூக்கிப் போட்டிருக்கலாம்ல!"

"இடமே இல்லடி."

"இருந்துச்சு. இடப்பக்கம் வாசல் மாதிரி தொறந்து கிடந்துச்சு!"

காது சூடாகும்வரை சண்டை போட்டார்கள். அது தீர்ந்ததும் பம்பரம் கேட்டாள்.

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல. வெச்சுடறேன்."

பம்பரம் அதன்பின் ஆடவில்லை. வேறு ஊருக்குப் போய்விட்டாள். நெட்டை இப்போது ஒரு பார்சல் கிடங்கில் மேற்பார்வையாளர். கிடங்கு முழுக்கக் கேட்கும் அவள் குரல், வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய பிறகு யாருக்கும் தேவைப்படுவதில்லை. பம்பரத்துக்குக் கல்யாணம் ஆன சேதியைப் பயிற்சியாளர்தான் சொன்னார். வாழ்த்து அனுப்ப உட்கார்ந்தாள். எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், நம் கல்லூரி அணியில் இப்போது என் இடத்தில் ஆடும் புதுப் பெண்ணைப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டு அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது: "பார்த்தேன். கால் நகரவே மாட்டேங்குது. உன்ன மாதிரியே."