ஐந்து விநாடி வாத்தியார்

ஓடி வந்த பெண் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் வெங்கடாசலம் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார். அமுக்கிய கையை உடனே நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, சீட்டாடுகிறவன் தன் சீட்டைப் பார்ப்பதுபோலக் கட்டை விரலை மட்டும் நகர்த்தி எட்டிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, மைதானத்து ஓரப் புளியமரத்தைப் பார்த்தபடி உதட்டை இரண்டு முறை அசைத்தார். கூட்டல் முடிந்தது.

"ரெண்டு முப்பத்திநாலு. சுளுக்கு வந்த எருமைகூட இதவிடச் சீக்கிரம் ஊடு போய்ச் சேரும்."

கடிகாரத்தில் இருந்தது இரண்டு நிமிடம் இருபத்தொன்பது விநாடி.

எண்ணூறு மீட்டருக்கு ஐந்து விநாடி, நானூறுக்கு மூன்று, நூறுக்கு ஒன்று. ஓடுகிற பிள்ளையின் நேரத்தோடு இதைச் சேர்த்துத்தான் சொல்வார். நீளம் தாண்டுகிறவர்களுக்குப் பலகையிலிருந்து நாலு விரல்கட்டை தள்ளி நாடாவைப் பிடிப்பார். குண்டு எறிகிறவர்கள் மட்டும் தப்பித்தார்கள். பள்ளியில் குண்டு கிடையாது. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன்கூட ஆளுக்குத் தகுந்தாற்போல அளவை மாற்றுவான். வெங்கடாசலம் பதினெட்டு வருடமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுதான் கலந்தார். தன்னுடைய நோட்டிலும் அதே பொய்யைத்தான் எழுதி வைத்தார். அதை நேர்மை என்றே அவர் நம்பியிருந்தார்.

பிறந்தது மேச்சேரிப் பக்கம். அவருடைய அப்பா ஆட்டுச் சந்தையில் பெரிய ஆள். வாங்க நினைத்த ஆட்டைப் பக்கத்தில் நின்று மெச்சக்கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். முதுகைப் பிடித்துப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், பிறகு விற்கிறவன் காதுபட, "இது என்ன ஆடா, தோலக் காயப்போட்ட கொடியா?" என்பார். மனசுக்குள் அந்த ஆடு ஏற்கெனவே பட்டிக்கு வந்து சேர்ந்திருக்கும். மகன் விளையாட்டு ஆசிரியர் பயிற்சி முடித்து எருமப்பட்டிக்குக் கிழக்கே ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபோது விசில், கான்வாஸ் ஷூ, இரண்டு வெள்ளைக் கால்சட்டை எல்லாம் புதிதாக வாங்கினார். புத்தியை மட்டும் சந்தையிலிருந்தே கொண்டுவந்தார். வித்தியாசம் ஒன்றுதான். திட்டு வாங்கிய ஆட்டுக்குத் திட்டு புரியாது.

அவருக்குத் தெரிந்த ஒரே வியாதி மண்டைக்கனம். காய்ச்சல் வந்த பிள்ளையைக்கூட வெயிலில் இரண்டு சுற்று ஓடச் சொல்வார். ஆனால் ஒரு பிள்ளை ஜெயித்துவிட்டுச் சிரித்தால் பதறிப்போவார். "இளிக்காத. பல்லுல வெயில் பட்டா காலு சோர்ந்துரும்." அடுத்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் வாயில் தேன் வடியும். "தம்மம்பட்டிப் புள்ளைங்களப் பாத்தீங்களா? மலையேறி வெறகு பொறுக்கற காலு. உங்களுக்கு என்ன, பஸ்ஸேறற காலு." போட்டிக்கு முந்தின நாள் இதைச் சொல்லிவிட்டு, அன்று பிள்ளைகள் ஏன் சாப்பிடவில்லை என்று சமையற்காரரிடம் கேட்பார்.

பிள்ளைகள் தோற்றால், "நாந்தான் அப்பவே சொன்னனே." ஜெயித்தால், "எல்லாம் நான் போட்ட பயம்." ஆக அந்த வட்டாரத்தில் தோல்வியே காணாத வாத்தியார் அவர் ஒருவர்தான்.

ஆகஸ்டு பதினைந்து அன்று கொடியேற்றியதும் தன்னம்பிக்கை பற்றி அரைமணி நேரம் பேசுவதும் அவர்தான். பழைய நோட்டு ஒன்றைப் பார்த்துப் படிப்பார். இமயம், சிகரம், சிங்கம் எல்லாம் வரும். முன்வரிசையில் ஏதாவது ஒரு சின்னப்பிள்ளை வெயில் தாங்காமல் சரியும். மேடையிலிருந்தே அதைச் சுட்டிக்காட்டி, "இதுக்குத்தான் சொல்றேன்" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். இந்த நாட்டின் எந்த மூலையில் போய் இறங்கினாலும் கழுத்தில் விசிலோடு இப்படி ஒருவர் நிற்கிறார். மொழி மட்டும்தான் மாறுகிறது.

நீளம் தாண்டிக்கொண்டிருந்த காளியப்பன் என்ற பையன், இவ்வளவுதான் தன்னால் முடியும் என்று ஒருநாள் முடிவு கட்டிக்கொண்டு போர்க்கிணறு தோண்டுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டான். மெய்யாகத் தாண்டிய தூரம் அவனுக்குத் தெரியவே தெரியாது. "சோம்பேறிப் பையன்" என்று வெங்கடாசலம் அவன் பெயரை நோட்டில் அடித்தார்.

இப்போது ஓடி முடித்துக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் பூவாத்தாள். பத்தாவது படித்தாள். அவள் அப்பா சுப்பையன் கடலைக்காடு வைத்திருந்தார். ஒருநாள் சைக்கிளை மைதானத்து ஓரம் சாய்த்துவிட்டு வந்து நேராகக் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, இந்த ஓட்டத்துல ஏதாச்சும் ஆகற காரியம் இருக்குதுங்களா? மெட்ராஸ்ல வெளையாட்டுப் புள்ளைங்க ஹாஸ்டல்னு சொல்றாங்களே, அதுல எடம் கெடச்சா போய்ப் படிக்கட்டும். இல்லீன்னா இந்த வருசத்தோட நிறுத்திப்போட்டு மாப்பிள்ள பாத்தரலாம்னு இருக்கறேனுங்க."

"ஹாஸ்டல்காரன் ரெண்டு முப்பத்திரண்டு கேக்கறானுங்க. இதுங்கிட்ட அது எங்கீங்க இருக்குது? பாக்கலாம்."

பூவாத்தாள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். மறுநாளிலிருந்து விடிகாலையில் கடலைக்காட்டு வரப்பில் தனியாக ஓட ஆரம்பித்தாள். இரண்டு விநாடியைத் தேடி ஓடினாள். அது அவள் காலடியிலேயே கிடந்தது என்பது வெங்கடாசலத்துக்கு மட்டும் தெரியும்.

சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு அவள் ஓட்டத்தில் சந்தோஷம் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்ததும் மனைவி கந்தம்மாளிடம் சொல்வார்: "அந்தச் சுப்பையன் புள்ள பறக்குது போ."

"அத அந்தப் புள்ளகிட்டச் சொல்றதுதானுங்க?"

"சொன்னா கெட்டுப்போயிரும்."

"உங்க வாய்க்காத்துப் பட்டுக் கெட்டுப்போறதுக்கு அது என்ன பாலுங்களா?" என்று கந்தம்மாள் ரசத்தை ஊற்றினாள். வெங்கடாசலம் சோற்றைப் பிசைந்தார். பெண்களுக்கு விளையாட்டைப் பற்றித் தெரியாது என்று அவர் அப்போதும் நினைத்தார்.

எழுபத்தொன்பதாம் வருடம் ஜனவரியில் சேலத்தில் மாவட்டப் போட்டி நடந்தது. நாமக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். ராசிபுரம் தாண்டும்வரை அவர் தம்மம்பட்டிப் பெண்களின் காலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பூவாத்தாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்காமல் இருக்கப் பார்த்தாள்.

மைதானத்தில் அவள் வெறுங்காலோடு ஓடினாள். முதல் சுற்றில் நாலாவதாக வந்தாள். இரண்டாவது சுற்றின் பாதியில் முன்னால் ஒருத்தரும் இல்லை. கோட்டைத் தாண்டியபோது பின்னால் வந்த தம்மம்பட்டிப் பெண் இருபது கஜம் தள்ளி இருந்தாள். மூன்று கடிகாரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெள்ளைச் சேலை கட்டிய நடுவர் அம்மாள் உரக்கப் படித்தார்: "இரண்டு நிமிஷம் இருபத்தேழு."

பெண்கள் கைதட்டினார்கள். பூவாத்தாள் மூச்சு வாங்க நடுவரிடம் வந்தாள்.

"அம்மா, தப்புங்க."

"என்ன கண்ணு தப்பு?"

"உங்க வாட்ச்சு தப்புங்க. நான் அத்தன வெரசா ஓட மாட்டனுங்க."

நடுவர் சிரித்துவிட்டார். முப்பது வருடத்தில் நேரம் கூடிப்போயிற்று என்று சண்டைக்கு வந்தவர்களைத்தான் அவர் பார்த்திருந்தார். "மூணு வாட்ச்சும் சொல்லிவெச்சுத் தப்பாப் போகுமா கண்ணு?"

"எங்க சார் வாட்ச்சுல ரெண்டு முப்பத்திமூணுக்குக் கொறஞ்சதே இல்லீங்க. வேற யாரு நேரத்தையாச்சும் எம் பேருல எழுதிப் போடாதீங்கம்மா. பாவம்."

நடுவரின் சிரிப்பு நின்றது. "யாரு உங்க சார்?"

வெங்கடாசலம் அப்போது சோடாக்கடைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். பூவாத்தாள் காட்டிய பக்கம் நடந்த நடுவருக்கு விளையாட்டு வாத்தியார்கள் இரண்டு பேர் வழி விட்டார்கள். நடுவர் அவருடைய கடிகாரத்தை வாங்கித் தன் கடிகாரத்தோடு சேர்த்து அமுக்கினார். ஒரு நிமிடம் எல்லோரும் இரண்டு முள்ளையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டும் ஜோடி மாடுபோலச் சேர்ந்தே போயின.

"வாட்ச் நல்லாத்தான் இருக்குது சார்."

"அது நல்லா இருக்குதுங்க." வெங்கடாசலம் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவதுபோல ஒரு சிரிப்புச் சிரித்துப் பார்த்தார். "புள்ளைங்களுக்குத் தலைக்கேறக் கூடாதுன்னு ஒரு அஞ்சு செகண்டு சேத்திச் சொல்றதுங்க. எல்லாம் அதுங்க நல்லதுக்குத்தான்."

"எத்தன நாளா?"

"வந்ததுல இருந்துங்க."

பின்னால் நின்றிருந்த ஓர் இளம் வாத்தியார், "அப்ப ரிட்டயர் ஆகறப்ப அஞ்சு வருசம் சேத்தி வேல செய்வீங்களாட்ட இருக்குதுங்க அண்ணா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பூவாத்தாள் சிரிக்கவில்லை. அவள் வாய்க்குள் ஏதோ கணக்கைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

ஹாஸ்டல் தேர்வுப் படிவங்களை நாலு மணிவரை பந்தலில் வாங்கினார்கள். அங்கேயும் அதே நடுவர் அம்மாள்தான் உட்கார்ந்திருந்தார். அன்றைய நேரம் மட்டும் போதாது, பள்ளியில் ஓடிய மூன்று நேரங்கள் ஆசிரியரின் நோட்டில் இருக்க வேண்டும், மூன்றும் இரண்டு முப்பத்திரண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நோட்டை விரித்தார்கள். இரண்டு முப்பத்திநாலு. இரண்டு முப்பத்திமூன்று. இரண்டு முப்பத்தைந்து. நல்ல குண்டு குண்டான கையெழுத்து.

"நீங்களே திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா எடுத்துக்கறேன் சார்," என்றார் நடுவர். மணி மூன்றே முக்கால்.

வெங்கடாசலத்துக்குப் பேனாவின் மூடி திறக்கவில்லை. மூன்று இடத்தில் திருத்தினால் போதும். ஆனால் அந்த மூன்றுக்கு மேலேயும் வரிகள் இருந்தன. அதற்கு முன்னால் பக்கங்கள் இருந்தன. பீரோவில் இன்னும் பதினேழு நோட்டுகள் இருந்தன. தலைமையாசிரியர் முகம் நினைவுக்கு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப என்னங்க அவசரம்? சின்னப் புள்ள. அடுத்த வருசம் இன்னும் நல்லாத் தயார் பண்ணிக் கூட்டியாரேனுங்க."

"எனக்கு அடுத்த வருசம் இல்லீங்க சார்," என்றாள் பூவாத்தாள்.

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை, அவளே கேட்டதில்லை.

"பேனாவக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் மூடியைத் திருகிக் கழற்றி, மேசையோரம் நின்றபடியே நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "முப்பத்திநாலுல அஞ்சு போனா இருபத்தொம்போது," என்று சொல்லி அடித்து எழுதினாள். "முப்பத்திமூணுல அஞ்சு போனா இருபத்தெட்டு. முப்பத்தஞ்சுல அஞ்சு போனா முப்பது." கடைசியை எழுதியதும் ஒரு கணம் நின்றாள். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சலுங்க," என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்துப் போடுங்க சார். மூணு எடத்துலயும்."

அவர் பந்தலைப் பார்த்தார், நடுவரைப் பார்த்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. சுளுக்கும் எருமையும் சிங்கமும் சிகரமும் எல்லாம் வந்து நாக்கு நுனியில் நின்றன; ஒன்றும் உதவவில்லை. குனிந்து மூன்று கையெழுத்துப் போட்டார். மூன்றாவது கையெழுத்தில் அவர் பெயரின் பாதிதான் இருந்தது.

பூவாத்தாள் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். படிவத்தை இழுத்து வைத்து, தன் பெயர், அப்பா பெயர், ஊர் என்று ஒவ்வொன்றாக நிரப்ப ஆரம்பித்தாள். நேரம் எழுதுகிற கட்டத்துக்கு வந்தபோது காற்று அடித்தது. பந்தல் துணி உப்பியது, தாளின் மூலை எழும்பிப் படபடத்தது. அவள் நிமிரவில்லை. வெங்கடாசலம் யாரும் சொல்லாமலேயே கையை நீட்டி, அவள் எழுதி முடிக்கும்வரை அந்த மூலையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.