பன்னிரண்டு கண்ணாடியும் ஒரு நூலும்

எங்கள் நைனா கண்ணாடி வெட்டினால் கை தவறாது. மந்தைவெளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் நைனாவே சொல்வார். ஸ்கேல் ஓரமாக டைமண்ட் கட்டரை ஒரே இழுப்பு இழுத்து, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால், கண்ணாடி பிஸ்கட் மாதிரி இரண்டாகும். அவருடைய கணக்கெல்லாம் இஞ்சும் நூலும்தான். ஓர் இஞ்சுக்கு எட்டு நூல், டேப்பில் எட்டுக் கோடு. அதற்கு மேல் உலகத்தில் கணக்கே கிடையாது என்பது அவர் கட்சி.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அந்த உலகத்துக்குள் ஒரு லேப்டாப் வந்தது. சித்தப்பா தரமணியில் ஓர் ஆபீசில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தார். அங்கே கழித்துப்போட்டதை வாங்கிவந்திருந்தார். நைனா சொந்தமாகக் கடை போட்டபின் முதல் பெரிய வேலை கிடைத்திருந்த நேரம் அது. தி.நகரில் புதிதாகத் திறக்கவிருந்த வளையல் கடை அலமாரிக்குப் பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகள்.

சித்தப்பா அதற்கென்றே ஓர் எக்செல் ஷீட் போட்டார். அலமாரியின் மொத்த அகலத்தைக் கொடுத்தால் போதும். அதுவே மூன்று தடுப்புக்கும் பங்கு பிரித்து, கண்ணாடி உரசாமல் உள்ளே போவதற்காக ஒரு நூலைக் கழித்து, வெட்ட வேண்டிய அளவைச் சொல்லிவிடும். அலமாரி ஐம்பத்திரண்டரை இஞ்ச். ஷீட் சொன்னது 17.375.

"இன்னாடா இது, போன் நம்பர் மாரி கீது?" என்றார் நைனா. "டேப்புல இத்த எங்க போய்த் தேடுவேன்? நூல்ல சொல்லு."

"கம்ப்யூட்டர் புள்ளி வச்சுத்தான்ணா காட்டும்."

"அப்ப எட்த்துகினு போய் ஆபீஸ்லயே குட்துடு."

லேப்டாப் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதில் படம் வரையலாம், வரைந்த படத்துக்கு ஒரே தொடலில் வண்ணம் ஊற்றலாம். அதைப் போய்த் திருப்பிக் கொடுப்பதா? அண்ணனும் தம்பியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனதும் நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். கட்டங்களைத் தேர்ந்து, கண்ணில் பட்ட மெனுவையெல்லாம் திறந்தேன். ரூபாய்க் குறி வந்தது. தேதி வந்தது. சதவீதம் வந்தது. கடைசியில் ஒரு பட்டியலில், எங்கள் கணக்கு நோட்டில் இருப்பது போலவே, மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பின்னங்கள்! நாலு பங்காகக் காட்டவா, எட்டுப் பங்காகக் காட்டவா என்று கேட்டது. வகுப்பில் அப்போதுதான் கால், அரை, முக்கால் முடித்திருந்தோம். நான் நாலைத் தொட்டேன்.

புள்ளிகளெல்லாம் ஓடியே போய்விட்டன. 17.375 இருந்த இடத்தில் 17 2/4.

"நைனா! நைனா!" என்று தெருமுனை டீக்கடைவரை கத்திக்கொண்டே ஓடினேன். "பதினேழும் ரெண்டு காலும்!"

"ரெண்டு கால்னா அரை. பதினேழர!" நைனா கிளாசை அப்படியே வைத்துவிட்டு வந்தார். திரையைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். "எம் பொண்ணு கம்ப்யூட்டருக்கே நம்ம பாஷைய கத்துக் குட்துட்டா. நீயும்தான் கீற, ஆபீஸ்ல."

சித்தப்பா ரோஷப்படவில்லை. அவருக்கும் சந்தோஷம்தான். ஜெராக்ஸ் கடைக்கு ஓடிப்போய் பிரிண்ட் எடுத்துவந்தார். எதையும் இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கிற நைனா அன்றைக்குப் பென்சிலையே தொடவில்லை. காகிதத்தை நான் படிக்கப் படிக்க, பன்னிரண்டையும் வெட்டி முடித்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மத்தியானம் மீன்பாடி வண்டியில் நியூஸ்பேப்பர் சுற்றிய கண்ணாடிகளோடு தி.நகர் போனோம். காகிதம் என் கையில். யாராவது கேட்டால் காட்டலாம் என்றுதான் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

முதல் கண்ணாடி உள்ளே போகவில்லை. இரண்டாவதும் போகவில்லை. மூன்றாவதைச் சித்தப்பா கொஞ்சம் அழுத்தினார். டிக்கென்று மூலை தெறித்தது.

"நாளைக்குக் காலைல தொறக்கணும்ங்க" என்றார் கடைக்கார அம்மா. "வளையல மடியில வச்சிகினு நான் தரையில ஒக்காரவா?"

"ஷீட்டுல எதுனா தப்பாண்ணா?" சித்தப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

நைனா தடுப்பை அளந்தார். பதினேழரை. கண்ணாடியை அளந்தார். அதுவும் பதினேழரை. என் கையிலிருந்து காகிதத்தை வாங்கினார். உடைந்த கண்ணாடி மேலேயே மார்க்கரால் ஐம்பத்திரண்டரையை எழுதி, மூன்றாகப் பிரித்து, ஒரு நூலைக் கழித்தார். காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பெருமையாகச் சிரித்தேன்.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கை தவறிடுச்சிடா" என்றார்.

ஒரு நூல் அகலத்தைக் கண்ணாடியிலிருந்து தனியாக எடுக்க முடியாது, ஓரம் பல்லுப் பல்லாகிவிடும். கடைக்குத் திரும்பி, புதுக் கண்ணாடி எடுத்து, பன்னிரண்டையும் மறுபடி வெட்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மாட்டிக் கொடுத்தார். வழி முழுக்கச் சித்தப்பா, "ஒனக்கே கை தவறிச்சாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நைனா ஒவ்வொரு தடவையும் "ஆமாண்டா" என்றார்.

இப்போது நானும் தரமணியில்தான் நாள் முழுக்க ஷீட்டோடு மல்லுக்கட்டுகிறேன். போன வாரம் பக்கத்து சீட்டுப் பெண், புள்ளிக் கணக்கைப் பின்னமாகக் காட்ட வழி கேட்டாள். "நாலா எட்டான்னு பாத்துப் போடு. நாலுன்னு போட்டா பக்கத்துல இருக்கற காலுக்குத் தள்ளிக் காட்டும், உள்ள நம்பர் மாறாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். இத்தனை வருடம் அந்தச் சனிக்கிழமையை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: லேப்டாப் வீட்டில் தங்கிவிட்டது. என் முதல் பிரிண்டை நைனா ஆசையாகப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். திங்கட்கிழமை வகுப்பு முழுவதும் போய்ச் சொன்னேன். அதற்கப்புறம் வெகுநாள், நைனா கட்டரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் போய் நின்று எச்சரிப்பேன்.

"பாத்து நைனா, கை தவறிடப் போவுது."

"சரி கண்ணு" என்பார்.