மாடிக்கு எட்டாத குரல்

முப்பத்து நான்கு பெண்பிள்ளைகளை நெருப்புக்கு மேலே ஏற்றி விட்டவள் நான். மணியடித்து, ஓடு ஓடு என்று விரட்டி, நானேதான் ஏற்றி விட்டேன். அந்தப் பிள்ளைகளை ஆண்டவர் எனக்குத் திருப்பித் தந்தார். அதை உங்கள் முன்னால் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று ஐந்து வருஷமாக ஆசை. எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லத் தொடங்கி, இரண்டு தடவையும் பாதியில் அழுது உட்கார்ந்துவிட்டேன். எழுதிப் பார் என்று பங்குச் சாமியார் சொன்னார். அழுகை வந்தால் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதலாம் அல்லவா.

என் பெயர் செலின். கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அன்று காலையில் நானும் என் தங்கை ஜெசியும் ஞாயிறு பூசை கண்டுவிட்டு வந்துகொண்டிருந்தோம். கூச்சல் கேட்டதும் நான் பக்கத்தில் இருந்த கல்ஃப்காரர் வீட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். ஜெசி, அம்மாவைக் கூட்டி வருகிறேன் என்று வீட்டுப் பக்கம் ஓடினாள். நான் மேலே போய்ப் பார்த்தால் அம்மா எனக்கு முன்பே அங்கே நிற்கிறாள். ஜெசி வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அவளைக் கண்டெடுத்தார்கள்.

அதன் பிறகு எனக்கு ஊரில் தூக்கம் இல்லை. 2006-இல் அஞ்சுகிராமம் பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் பெண்கள் விடுதிக்கு உதவி வார்டன் வேலை கிடைத்தது. கடலை விட்டுத் தள்ளி இருக்கலாமே என்றுதான் போனேன். விடுதிக்கும் கடலுக்கும் நடுவே வாழைத் தோட்டம், ஒரு குளம், மேடான ரோடு, அதற்கு அப்பால் இரண்டு ஊர். இங்கே எந்த அலையும் வராது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள். ரோட்டில் லாரி உறுமினால்கூட எழுந்து உட்காருவார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான் ஆண்டவர் என்னை அங்கே அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தண்டவாளத் துண்டு வாங்கி வாசலில் மணியாகக் கட்டித் தொங்கவிட்டேன். மொட்டை மாடிக் கதவை எப்போதும் பூட்டி வைக்க வேண்டும் என்பது விடுதிச் சட்டம். பெரிய வார்டனிடம் சண்டை பிடித்து அந்தப் பூட்டை எடுக்க வைத்தேன். மாதா மாதம் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செபமாலை முடிந்ததும் ஒத்திகை. மணி அடித்தால் புத்தகம், செருப்பு, செல்போன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மாடிக்கு ஓட வேண்டும். கடைசியாக ஏறுகிறவளுக்கு அன்று என்னிடம் பாட்டு விழும். இரண்டு நிமிஷத்துக்குள் முழு விடுதியும் மேலே போய் நிற்கும் அளவுக்குப் பழக்கிவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு ஒத்திகையின்போது முதல் வருஷப் பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள். முத்துச்செல்வி என்று பெயர். செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவருடைய மகள், கடலே அதிகம் பார்க்காதவள்.

"எக்கா, தீ பிடிச்சா எங்க ஓடணும்?"

"தீயெல்லாம் சமையக்கட்டுல உள்ளவ பாத்துக்குவாவ. நீ சொன்னதச் செய்யி. கேள்வி கேட்டுட்டு நின்னா கடல் உனக்காவக் காத்துக் கெடக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போய் கீழே பார்த்தாள். நான் அதோடு அதை மறந்துவிட்டேன்.

2007-ஆம் வருஷம், ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. மத்தியானத்தோடு வகுப்பு முடிந்துவிட்டது. சில பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள், மற்றவர்கள் அறைகளில் தூங்கிக்கொண்டோ துணி துவைத்துக்கொண்டோ இருந்தார்கள். மூன்றரை மணி இருக்கும். போயிருந்த கரண்ட் திடீரென்று வந்தது. படிக்கட்டின் அடியில் இருந்த பழைய சுவிட்ச் போர்டில் படபடவென்று ஒரு சத்தம். அந்த இடத்தில்தான் கிழிந்த ஃபோம் மெத்தைகளையும் பெயிண்ட் டப்பாக்களையும் குவித்து வைத்திருந்தோம். வைக்கச் சொன்னதும் நான்தான். இடத்தை வீணாக்கக் கூடாது என்று எனக்கு ஒரு கொள்கை.

சமையல் வேலை பார்க்கும் செல்லத்தாய் அக்கா கத்தினார்கள். "ஏட்டி செலினு, படிக்குக் கீழ தீ."

நான் ஓடிப்போய் என்ன செய்தேன் தெரியுமா? மணியடித்தேன். யோசிக்கவே இல்லை. ஆபத்து என்றால் மணி, அவ்வளவுதான் என் கைக்குத் தெரிந்தது. பிள்ளைகளும் சொல்லிக்கொடுத்தபடியே செய்தார்கள். கீழ் அறைகளில் இருந்தவர்கள், இரண்டே எட்டு வைத்தால் வாசலுக்கு வந்துவிடக் கூடியவர்கள், அந்தப் படியிலேயே ஏறி மேலே ஓடினார்கள். எரிகிற மெத்தைக்குப் பக்கத்தில் என் கண் முன்னால்தான் ஓடினார்கள். கடைசிப் பிள்ளை படி வளைவில் திரும்பி மறைந்ததும்தான் நான் செய்த காரியம் எனக்கே விளங்கியது. அதற்குள் கறுத்த புகை படிக்கட்டை அடைத்துக்கொண்டது. அந்தக் கட்டடத்தில் படி அது ஒன்றுதான்.

உள்ளே நுழையப் பார்த்தேன். இரண்டாவது படியிலேயே மூச்சு முட்டி, செல்லத்தாய் அக்கா என் சேலையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். போன் பண்ண ஓடினேன். பிள்ளைகள் விடுதிச் செலவில் வெளியூருக்குப் பேசிவிடக் கூடாது என்று விடுதிப் போனை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தோம். சாவி பெரிய வார்டனிடம். அவர் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தில். என் செல்போனோ மேலே என் அறையில். வாட்ச்மேன் தன் போனில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னார். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மேல எத்தன பேரு நிக்கியாவ, மேடம்?"

எனக்குத் தெரியவில்லை. யார் வீட்டுக்குப் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்று எழுதி வைக்கும் பழக்கமே எங்களுக்கு இல்லை. எத்தனை பிள்ளைகளை ஏற்றி விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாமல் நின்றேன்.

முற்றத்துக்கு வந்து மேலே பார்த்தேன். கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தலைகள் தெரிந்தன. என்னென்னமோ சொல்லி அழுதார்கள். அவர்கள் எப்படியாவது கீழே வந்துவிட வேண்டும், அது மட்டும்தான் என் மனசில். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தால் வந்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு கையையும் வீசிக் கத்தினேன். "மக்கா, இறங்கி வாங்க. படி வழியா இறங்கி வாங்க." ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் குரலை அது வாழைத் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோனது. கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கத்தினேன். தொண்டை கிழிந்து சத்தமே வரவில்லை.

அங்கேயே மண்ணில் முட்டுக்குத்தினேன். "ஆண்டவரே, இந்தக் காற்றை நிறுத்தும். ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தும். என் குரலை அந்தப் பிள்ளைகள் கேட்கட்டும். வேறு எதுவும் வேண்டாம்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். செல்லத்தாய் அக்கா வேதக்காரர்கள் இல்லை, அய்யாவழி மார்க்கத்துக்காரர்கள். என் பக்கத்தில் நின்று, "அய்யா, எம் பிள்ளையளக் காத்துக்கிடும்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள்.

காற்று நிற்கவில்லை. முன்னைவிடக் கூடுதலாக அடித்தது. அப்படியே விட்டுவிட்டீரே ஆண்டவரே என்று எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் ஆண்டவரை ஏசினேன்.

செல்லத்தாய் அக்காதான் என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "எழும்பு மக்கா. கெடந்து அழுது வெப்ராளப்பட்டா தீ அணையுமா? மண்ணு அள்ளு." பக்கத்துக் கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஏழெட்டு ஆட்கள் அதற்குள் வந்துவிட்டார்கள். அங்கே கொட்டிக் கிடந்த மணலைச் சட்டியில் அள்ளி, ஆள் மாற்றி ஆள் மாற்றிப் படிக்கு அடியில் எறிந்தோம். முதலில் கொஞ்சமும் அடங்காமல் மேல் நோக்கி எழும்பிய தீ, சிறிது நேரத்தில் தானாகவே தணிந்தது மாதிரி இருந்தது. வேலையாட்களே அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தபோது மெத்தைகள் புகைந்துகொண்டிருந்தன. வீரர்கள் மிச்சத்தை அணைத்துவிட்டு மேலே போனார்கள்.

ஒவ்வொருத்தியாக இறங்கி வந்தார்கள். நான் வாசலில் நின்று தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். முப்பத்து நான்கு. உன் அறையில் இருந்தவள் வந்தாளா, உன் கூட்டாளி வந்தாளா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன். எல்லாரும் வந்திருந்தார்கள். வீசிங் உள்ள ஒரு பிள்ளையை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒருத்தி மேலும் ஒரு தீக்காயம் இல்லை.

முத்துச்செல்வி கடைசியாக வந்தாள். துப்பட்டா இல்லை, கையெல்லாம் கரி. அவளைப் பிடித்து உட்கார வைத்து என்ன நடந்தது என்று கேட்டேன்.

"மேல ஏறுனதும் பொக பொறத்தாலயே வந்துட்டுது எக்கா. மாடிக் கதவு தெறந்து கெடந்துல்லா. எங்க சூளையில மேல தெறந்து கெடந்தா தீ மேல இழுக்கும், அடச்சா அடங்கும். அதான் கதவ அடைச்சேன். டேங்க்ல துப்பட்டாவ நனைச்சு இடுக்குல எல்லாம் திணிச்சோம்."

"கீழ வரணும்னு யாரும் சொல்லலியா?"

"நாலஞ்சு பேரு அழுதாவ. கதவத் தெற, ஓடிருவோம்னு என்னப் புடிச்சு இழுத்தாவ. செலினக்கா ஒண்ணும் சொல்லாம நாம ஓடப்பிடாது, அங்கயே நில்லுன்னுதான் கையக் காட்டுதாவன்னு சொல்லி நிறுத்துனேன்."

"நான் இறங்கி வரச் சொல்லித்தான் கத்துனேன் மக்கா."

"கேக்கல்லியே எக்கா. கேட்டிருந்தா வந்திருப்போம். நீங்க சொன்னா கேட்டுத்தான பழக்கம்."

தீயணைப்பு அதிகாரி அந்தப் படிக்கட்டை எனக்குக் காட்டினார். சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக வெந்து நின்றது. அந்தப் புகையில் நாலு தடவை மூச்சு இழுத்தால் ஆள் விழுந்துவிடும் என்றார். கதவைத் திறந்திருந்தால் தீயும் மேலே பாய்ந்திருக்கும் என்றார். சாயங்காலம் சிற்றாலயத்துக்குப் போனேன். ஒரு வார்த்தை செபம் சொல்ல வரவில்லை. என் குரலைக் கேட்கச் செய்யும் என்று முட்டுக்குத்திக் கேட்டேன். ஆண்டவர் கேட்கச் செய்திருந்தால் முப்பத்து நான்கு வீட்டில் அன்று அழுகைச் சத்தம். நான் நிறுத்தச் சொன்ன காற்றை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்.

இதைச் சொல்லும்போது சிலர் என்னிடம் கேட்பார்கள், அப்படியானால் ஜெசி விஷயத்தில் என்ன சொல்கிறாய் என்று. நியாயமான கேள்வி. அன்று மாடியிலிருந்து அவளையும் நான் கூப்பிட்டேன், அம்மா இங்கே இருக்கிறாள் வா என்று. கடல் இரைச்சலில் அவளுக்கும் கேட்கவில்லை. அது ஏன் அப்படி, இது ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பொய் சொல்லவும் மாட்டேன். தெரியாமலேயே அவரை நம்புவதற்கு இந்த ஐந்து வருஷத்தில் கற்றுக்கொண்டு வருகிறேன்.

அடுத்த திங்கட்கிழமையே பிள்ளைகள் எல்லார் முன்னாலும் முத்துச்செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் வெட்கப்பட்டு ஓடிவிட்டாள். போனுக்குப் பூட்டுப் போடுவதை நிறுத்தினோம். யார் உள்ளே, யார் வெளியே என்று வாசலில் ஒரு பலகையில் எழுதுகிறோம். கட்டடத்துக்கு வெளியே இரும்புப் படி வைக்க நிர்வாகத்திடம் ஒரு வருஷம் நடையாய் நடந்து வைக்க வைத்தேன். ஒத்திகை இப்போதும் முதல் வெள்ளிதான். ஆனால் ஓடுவதற்கு முன் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். கை தூக்குகிற பிள்ளையை முதலில் பேச விடுகிறேன். செபத்திலும் அப்படித்தான். முன்பெல்லாம் ஆண்டவருக்கு இதைச் செய்யும், அதை இப்படிச் செய்யும் என்று வேலை சொல்லிக்கொடுப்பேன். இப்போது கேட்டுவிட்டுச் சும்மா இருக்கப் பழகுகிறேன். எனக்கு அது லேசில் வருவதில்லை.

இதை வாசிக்கிறவர்களில் எத்தனையோ பேர், கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருப்பீர்கள். பதிலே இல்லை என்று என்னைப்போல ஆண்டவரை ஏசிக்கொண்டும் இருப்பீர்கள். ஏசினாலும் பரவாயில்லை, அவரை விட்டுப் போய்விடாதீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத மாடியில் யாரோ ஒரு பிள்ளை வழியாக அவர் வேலை செய்துகொண்டிருக்கலாம். வார்டன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செபம் முடிந்து எழுந்ததும், உங்கள் வீட்டுப் படிக்கு அடியில் என்ன குவிந்து கிடக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

என் பிள்ளைகள் இன்று ஆளுக்கு ஒரு ஊரில் இருக்கிறார்கள். சிலருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. குழந்தை பிறந்தால் எனக்குப் போன் வரும். ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டு, அன்று என் சொல்லைக் கேட்காத என் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.