அத்தான் கொடி பிடித்த ஞாயிறு

லண்டனில் இருக்கும் என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், உதைபந்தாட்டம் பார்க்க நாடு நாடாகப் பறப்பவர். போய் வந்த மைதானங்களை அவர் சொல்லத் தொடங்கினால் பட்டியல் முடிவதற்குள் கேட்பவரின் சாப்பாடு ஆறிவிடும்.

சென்ற வசந்தத்தில் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நகரத்தின் பெரிய மைதானத்தில் ஒரு ஆட்டம் பார்ப்பதுதான் வருகையின் நோக்கம். எங்களைப் பார்ப்பது அதன் பக்கவிளைவு. நுழைவுச்சீட்டு எடுக்கும் பொறுப்பு என்னுடையது. அதை நான் முழுமையாக மறந்துபோனேன். நினைவு வந்தபோது எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தன.

"ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரிலை ஒரு மேட்ச் இருக்கு அத்தான். உண்மையான ஜெர்மன் ஃபுட்போலை அங்கைதான் பாக்கலாம்" என்றேன்.

"எத்தினையாம் டிவிஷன்?"

"ஒன்பதாவது."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்பிடியும் ஒண்டு இருக்கே?"

"ஓம். அதுக்குக் கீழையும் இருக்கு."

மைதானம் ஒரு கார் திருத்துமிடத்துக்குப் பின்னால் இருந்தது. செயற்கைப் புல், இடுப்பளவு கம்பி வேலி, பியரும் சொசேஜும் விற்கும் ஒரு கொட்டில். நாற்பது பேரும் மூன்று நாய்களும் கொட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் நாய்கள்தான் ஆட்டத்தை எதிர்பார்த்திருந்தன. அத்தான் லண்டன் கழகத்தின் மேலங்கியோடு அந்த நெரிசலை அருவருப்பாகப் பார்த்து, ஆளில்லாத எதிர்ப்பக்கத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

அது விருந்தினர் அணியின் பக்கம். ஆளில்லாததன் காரணம், அந்த அணியோடு ஒருவரும் வரவில்லை என்பதே. இந்த டிவிஷனில் நடுவர் ஒருவர் மட்டுந்தான். கோட்டோரம் கொடி பிடிக்க ஒவ்வொரு அணியும் ஒரு ஆளைக் கொடுக்க வேண்டும். விருந்தினர் அணியின் பயிற்சியாளர் சுற்றிப் பார்த்தார், எங்களைக் கண்டார், நடுவரை அழைத்து வந்தார். நடுவர் ஜெர்மனில் கேட்டதற்கு நான் "யா", அதாவது ஓம், என்றேன். ஒரு மஞ்சள் கொடி அத்தானின் கைக்கு வந்தது.

"என்னவாம்?"

"லைனிலை நிக்க ஒரு ஆள் வேணுமாம். உங்கடை அனுபவத்தைப் பற்றிச் சொன்னன்."

"நீ 'யா' எண்டு மட்டுந்தானே சொன்னனி?"

"ஜெர்மன் சுருக்கமான மொழி அத்தான்."

பந்து வெளியே போனால் மட்டும் கொடியை உயர்த்த வேண்டும், ஓஃப்சைட்டைத் தானே பார்த்துக்கொள்வார் என்று நடுவர் விளக்கினார். அந்த விளக்கத்தின் முதல் பாதியை நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவர் விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்.

அத்தான் முதல் இருபது நிமிடத்தில் நான்கு முறை ஓஃப்சைட் காட்டினார். நடுவர் திரும்பியும் பார்க்கவில்லை. கொட்டில் பக்கமிருந்து கத்தினார்கள்.

"என்ன சொல்லுறாங்கள்?"

"உங்களைப் பற்றித்தான். நல்லாச் சொல்லுறாங்கள்."

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேலும் வேகமாக ஓடினார். ஐம்பத்தாறு வயதில், தோல் சப்பாத்தோடு.

கடைசி நிமிடங்களில் உள்ளூர் அணி ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் நின்றது. விருந்தினர் அணியின் சிவந்த தாடிக்காரன் ஒருவன் எங்கள் கோட்டோரமாகப் பந்தை உருட்டி வந்து, கோலை நோக்கி உயர்த்தி அடித்தான். இன்னொருவன் தலையால் முட்டினான். கோல். பதினொரு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். நானும் கைதட்டினேன். அத்தான் மட்டும் கொடியை உயர்த்தியபடி அசையாமல் நின்றார்.

"இறக்குங்கோ அத்தான். இது எங்கடை ஆக்கள்."

"பந்து முழுசா வெளியிலை போனது. நான் பாத்தனான்."

இந்த முறை நடுவர் ஓடி வந்தார். அத்தான் இரண்டு கைகளாலும் பந்தையும் கோட்டையும் இடைவெளியையும் காட்டினார். மொழிபெயர்க்க எனக்கு வேலை இருக்கவில்லை. கோல் செல்லாது என்றார் நடுவர்.

பயிற்சியாளர் வந்து அத்தானின் முகத்துக்கு நேரே கத்தியதையும் நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது, காதுகள் சிவந்துவிட்டன. இப்படியொரு இடத்தில் அவரை மாட்டிவிட்டதை நினைத்து முதன்முறையாக எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போது தாடிக்காரன் நடுவில் புகுந்து பயிற்சியாளரிடம், "அந்த மனிசன் சொல்லுறது சரி. எனக்கும் தெரியும், வெளியிலைதான் போனது" என்று ஜெர்மனில் சொல்லி, அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

ஆட்டம் அப்படியே முடிந்தது. உள்ளூர்க்காரர்கள் அவருக்கு பியரும் மூன்று சொசேஜும் கொண்டுவந்தார்கள். தான் அவர்களுக்காக ஒன்றும் செய்யவில்லை, கோடு கோடுதான் என்று அவர்களிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர்கள் இன்னொரு பியர் கொண்டுவந்தார்கள்.

வீட்டில் என் மனைவி இடியப்பம் அவித்து வைத்திருந்தாள். அத்தானால் வலது கையைத் தூக்க ஏலவில்லை. கொடியைத் தூக்கித் தூக்கித் தோள் பிடித்திருந்தது. கரண்டி கேட்டு வாங்கி, இடது கையால், அரை மணி நேரம், மிகுந்த கௌரவத்தோடு சாப்பிட்டார்.